மார்பொலி கேட்ட மருத்துவர்

நுழையும்முன்

இருமலென்றும் மூச்சுத்திணறலென்றும் மருத்துவரை நாடிச் செல்வோரிடம் அவர் முதலில் கொண்டுவருவது ஸ்டெதஸ்கோப்பைத்தான். உடலைத் திறக்காமலேயே உள்ளே நிகழ்வதை அறியலாம் என்னும் நம்பிக்கையை மருத்துவ உலகுக்கு அளித்த கருவி அது. அதனை உருவாக்கிய ரெனே லாயெனெக் நாற்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்தார். எந்த நோயைக் கண்டறியும் வழியைப் பிறருக்குக் கற்பித்தாரோ, அந்த நோய்க்கே இரையானார். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் கூறுகிறது.

பெயர் தெரியாத நோய்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் நோயாளியின் படுக்கையருகே அமர்ந்தால், அவருக்குத் துணையாக இருந்தவை கண்ணும் கையும் சில கேள்விகளுமே. நாடியைப் பிடித்துப் பார்ப்பார், நாக்கின் நிறத்தை நோக்குவார், சிறுநீரை ஆராய்வார், உறக்கம், பசி, வலி குறித்து வினவுவார். ஊடுகதிர்ப் படமோ குருதிப் பரிசோதனையோ அன்று இல்லை. உடல் வெப்பத்தை வெப்பமானியால் அளக்கும் வழக்கங்கூட மருத்துவமனைகளில் வேரூன்றவில்லை.

ஆகையால், நோயாளி சொல்லும் துன்பமே நோயின் பெயராகவும் அமைந்தது. காய்ச்சல் ஒரு நோய். மூச்சுத்திணறல் மற்றொரு நோய். ஆனால், மூச்சுத்திணறும் நால்வரை எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் நீர் கோத்திருக்கலாம். இன்னொருவருக்கு நுரையீரலே அழற்சியுற்று இறுகியிருக்கலாம். மூன்றாமவருக்கு நுரையீரல் அரிக்கப்பட்டுக் குழிவிழுந்திருக்கலாம். நான்காமவருக்கு இதயம் தளர்ந்திருக்கலாம். நால்வரும் ஒரே வகையில் துன்புறுவர். எவருக்கு எது என்பது, அவர் இறந்து, உடலைக் கூறாய்வு செய்த பின்னரே புலப்படும். அந்த அறிவால் இறந்தவருக்குப் பயனில்லை. இறப்பிற்குப் பின் தெரிவதை இருக்கும்போதே தெரிந்துகொள்ள இயலுமா என்பதே அக்காலப் பாரிஸ் மருத்துவர்களின் முன்நின்ற பெரும் வினா.

இளமை

பிரான்சின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரித்தானி. அங்குள்ள கெம்பேர் என்னும் ஊரில் 1781ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் ரெனே தியோபில் இயாசந்த் லாயெனெக் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், கவிதை புனைவதில் நாட்டமுடையவர், குடும்பப் பொறுப்பில் அந்த அளவுக்கு நாட்டமில்லாதவர். லாயெனெக்கிற்கு ஐந்து வயதிருக்கும்போது தாய் இறந்தார். எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் வழங்கிய காசநோயே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. தந்தையால் பிள்ளைகளைப் பேண இயலவில்லை. சிறிது காலத்திற்குப் பின், நாந்த் நகரில் மருத்துவராகவும் மருத்துவப் பேராசிரியராகவும் விளங்கிய சிற்றப்பா கியோமின் இல்லத்திற்குச் சிறுவன் லாயெனெக் அனுப்பப்பட்டார். அந்தச் சிற்றப்பாவே அவருக்குத் தந்தையும் ஆசானுமானார்.

அமைதியான இளமை அவருக்கு வாய்க்கவில்லை. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793, 1794ஆம் ஆண்டுகளில் நாந்த் நகரம் கொடுமைகள் பலவற்றைக் கண்டது. லுவார் ஆற்றில் படகுகளில் ஏற்றப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மூழ்கடிக்கப்பட்டனர். சிற்றப்பாவின் வீடு அமைந்திருந்த சதுக்கத்திலேயே கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறி நிறுத்தப்பட்டிருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் சாளரத்துக்கு நேர் எதிரே நாள்தோறும் மனிதர்கள் கொல்லப்பட்டனர். அக்காட்சிகள் அவர் உள்ளத்தை எவ்வாறு பாதித்தன என்பதை ஊகிக்கத்தான் இயலும். பதினான்கு வயதில் அவர் சிற்றப்பாவின் வழிகாட்டுதலில் மருத்துவமனையில் பயிலத் தொடங்கினார் என்பதும், காயமுற்றோருக்குக் கட்டுப்போடும் பணியே அவருடைய முதற்பாடம் என்பதும் நாம் அறிந்தவை.

படிப்பில் மட்டும் அவர் மனம் அடங்கிவிடவில்லை. புல்லாங்குழல் வாசித்தார், கிரேக்க மொழியைக் கற்றார், மரத்தைக் கடைந்து பொருள்கள் செய்வதில் விருப்பங்கொண்டார். மெலிந்த, குள்ளமான உடல். அடிக்கடி தலைவலியும் மூச்சிரைப்பும் அவரை வாட்டின.

பாரிஸில் கல்வி

1801இல் லாயெனெக் பாரிஸ் சென்றார். கையில் பணம் குறைவு. தந்தையிடம் உதவி கேட்டுப் பலமுறை மடல் எழுத நேர்ந்தது. அந்நகரின் சாரித்தே மருத்துவமனையில் கோர்விசார் என்பாரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் பேரரசர் நெப்போலியனின் தனி மருத்துவராக விளங்கியவர் அந்தக் கோர்விசார். நோயாளி உயிரோடிருக்கும்போது தாம் கண்டறிந்து கூறியதை, அவர் இறந்தபின் உடற்கூறாய்வு செய்து சரிபார்ப்பது அவருடைய வழக்கம். தம் கணிப்புத் தவறென்றால் மாணவர் முன்னிலையிலேயே அது வெளிப்படும். இந்த ஒழுங்கை லாயெனெக் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

கோர்விசாரிடம் கற்ற மற்றொன்று, மார்பை விரல்களால் தட்டிப் பார்க்கும் முறை. அதற்கும் ஒரு வரலாறுண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்திய ஒருவரின் மகன் லியோபோல்ட் ஔவன்புருகர். மதுப்பீப்பாயைத் தட்டி, ஒலி மாறும் இடத்தைக் கொண்டு உள்ளிருக்கும் மதுவின் அளவை அறியும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. மருத்துவரான ஔவன்புருகர் அதே முறையில் மார்பைத் தட்டிப் பார்த்தார். காற்று நிறைந்த இடம் ஒருவகையாகவும் நீர் கோத்த இடம் மற்றொரு வகையாகவும் ஒலிப்பதைக் கண்டார். 1761இல் அதனை நூலாக வெளியிட்டார். மருத்துவ உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் அந்நூலைக் கண்டுகொள்ளவில்லை. 1808இல் கோர்விசார் அதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பின்னரே அம்முறை பரவியது.

1803இல் நடந்த போட்டியில் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகிய இரண்டிலும் லாயெனெக் முதற்பரிசு பெற்றார். 1804இல் பட்டம் பெற்றார். திறமைக்கு ஏற்ற பதவிதான் நெடுங்காலம் கிட்டவில்லை. தனியார் மருத்துவம் பார்த்தும் உடற்கூறாய்வு குறித்து வகுப்பெடுத்தும் கட்டுரைகள் எழுதியும் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தார். அவ்வாண்டுகளில் காசநோய் அவரைச் சுற்றி வளைத்தது. 1810இல் தம்பி மிசேல் மறைந்தார். காசநோயால் இறந்த 900 பேரின் உடல்களை ஆராய்ந்து நூல் எழுதிய நெருங்கிய நண்பர் பேல், 1816இல் காலமானார்.

தாய்மொழியும் மருத்துவமும்

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செயல், அவருடைய வரலாற்றை எழுதுவோர் பலராலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. சற்று நின்று நோக்க வேண்டிய செயல் அது.

1814இல் நெப்போலியனின் படைகள் தோல்வியுற்றுப் பின்வாங்கின. நோயுற்றும் காயமுற்றும் திரும்பிய வீரர்களால் பாரிஸ் மருத்துவமனைகள் நிரம்பின. அவர்களுள் பிரித்தானி நாட்டுப்புறத்து இளைஞர்கள் பலர். அவர்களுக்குப் பிரெத்தோன் மொழியன்றிப் பிரெஞ்சு தெரியாது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக இருமல், இரவில் வியர்க்கிறதா என்னும் எளிய கேள்விகளுக்கும் அவர்களால் விடையிறுக்க முடியவில்லை. தம்மைச் சுற்றிலும் பேசப்படுவது புரியாமலேயே பலர் மடிந்தனர். சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவ்வீரர்களை ஒரே பகுதியில் ஒன்றுசேர்க்க லாயெனெக் ஏற்பாடு செய்தார். அவர்தம் மொழி அறிந்தோரை அவர்களுடன் பேச வைத்தார். தாமும் தம் மண்ணின் மொழியை முயன்று கற்று அவர்களிடம் உரையாடினார். நோயாளியின் சொல்லைக் கேட்பதில் இத்துணை அக்கறை காட்டியவரே, பின்னர்ச் சொல்லுக்கு அப்பாலுள்ள ஒலியையும் தேடிச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

காகிதச் சுருள்

1816இல் பாரிஸின் நெக்கேர் மருத்துவமனையில் லாயெனெக்கிற்குப் பதவி கிடைத்தது. அவ்வாண்டில் இதய நோய்க்கான அறிகுறிகளோடு இளம்பெண் ஒருவர் அவரிடம் வந்தார். உடல் பருமன் காரணமாக மார்பைத் தட்டிப் பார்த்தும் பயனில்லை. நோயாளியின் மார்பில் காதை நேரே வைத்துக் கேட்கும் வழக்கம் பண்டைக் காலம்தொட்டே சிற்சில மருத்துவரிடம் இருந்துவந்தது. ஆயினும், வந்தவர் இளம்பெண்ணாகையால் அவ்வாறு செய்வது முறையாகாது என்று லாயெனெக் எண்ணினார்.

அப்போது ஒலியியல் செய்தி ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்திருப்பவருக்கு அந்த ஒலி தெளிவாகக் கேட்கும். சிறுவர்கள் அவ்வாறு விளையாடியதை அவர் தெருவில் கண்டதாக ஒரு கதை வழங்குகிறது. அவருடைய நூலில் அக்கதை இல்லை, ஒலியியல் உண்மை மட்டுமே உள்ளது. உடனே தாள்கட்டு ஒன்றை எடுத்து இறுகச் சுருட்டினார். ஒரு முனையை அப்பெண்ணின் மார்பின்மீது வைத்து, மறுமுனையில் தம் காதைப் பொருத்தினார். நேரே காதை வைத்துக் கேட்டதைக் காட்டிலும் இதயத்துடிப்புத் தெளிவாகக் கேட்டது.

இத்தகைய தற்செயல் நிகழ்வுகள் பலர் வாழ்விலும் நேர்வதுண்டு. அதனைத் தொடர்ந்து அவர் உழைத்த மூன்றாண்டுகளே நாம் கருத்தில் கொள்ளவேண்டியவை. இதயம் இவ்வாறு கேட்குமாயின், மூச்சும் குரலும் மார்புக்குள் தேங்கிய நீரின் அசைவும் கேட்கவேண்டுமே என்று அவர் எண்ணினார். காகிதத்திற்குப் பதிலாகப் பல பொருள்களை ஆய்ந்து, இறுதியில் மரத்தைத் தேர்ந்தார். இளமையில் பழகிய கடைசல் பொறி இங்கே கைகொடுத்தது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, நடுவே துளையுள்ள மரவுருளையைத் தாமே கடைந்தெடுத்தார். எடுத்துச் செல்வதற்கு எளிதாக அதனை இரு துண்டுகளாகக் கழற்றிப் பூட்டும்படி அமைத்தார். முதலில் அதனை வெறுமனே உருளை என்றே அழைத்தார். பிறகு மார்பு, நோக்குதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஸ்டெதஸ்கோப் என்று பெயரிட்டார். கேட்கும் கருவிக்கு நோக்கும் கருவி என்று பெயர்! செவியால் உள்ளுறுப்பைப் பார்க்கலாம் என்பதே அவருடைய கருத்து.

ஒலிகளின் அகராதி

புதிய ஒலிகள் கேட்டனவே தவிர, அவற்றின் பொருள் எவருக்கும் தெரியாது. ஒவ்வோர் ஒலிக்கும் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எந்த உறுப்பின் எந்த மாற்றத்தைக் குறிக்கிறது என்பதை நிறுவவேண்டியிருந்தது. அதற்கு ஒரே வழி, கேட்டதைக் குறித்துவைத்தலும், நோயாளி இறந்தால் உடலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தலும்.

ஒருமுறை ஒரு பெண்ணின் கழுத்துப்பட்டை எலும்பின்கீழ் உருளையை வைத்து அவரைப் பேசச் சொன்னார். குரல் வாயிலிருந்து வராமல் மார்பிலிருந்தே நேராகக் குழல்வழி வருவதுபோலத் தோன்றியது. வேறு நோயாளிகளிடமும் சோதித்தார். சிலரிடம் மட்டுமே அது கேட்டது. அவர்களுட் பலர் காசநோய் முற்றியவர்கள். நுரையீரலில் குழி விழுந்திருக்கும் இடத்தில்தான் குரல் அவ்வாறு ஒலிக்கிறது என்று ஊகித்தார். அவர்கள் இறந்தபின் செய்யப்பட்ட கூறாய்வுகள் அவ்வூகத்தை உறுதிப்படுத்தின. உயிருள்ள மனிதரின் நுரையீரலில் இன்ன இடத்தில் குழி உள்ளது என்று விரல்வைத்துச் சுட்டிக்காட்ட முடிந்தது.

ஒலிகளை விளக்க அவர் கையாண்ட உவமைகள் யாவும் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. சூடான தட்டில் உப்பைத் தூவினால் எழும் பொரிதலைப் போன்ற ஒலி நுரையீரல் அழற்சியின் தொடக்கத்தைக் காட்டும். ஆட்டின் கத்தலைப்போல நடுங்கும் குரல் நுரையீரல் உறையில் நீர் இருப்பதைக் காட்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் குண்டூசி விழுந்தாற்போன்ற ஒலி மற்றொரு நிலையைக் காட்டும். நுரையீரலில் எழும் இரைச்சல் ஒலிகளைக் குறிக்கப் பிரெஞ்சில் அவர் தேர்ந்த சொல், சாகுந்தறுவாயில் தொண்டையில் எழும் ஒலிக்கு மக்கள் வழங்கிய சொல்லாகும். நோயாளியின் காதில் அது விழுந்தால் அவர் அஞ்சுவார் என்பதை உணர்ந்து, படுக்கையருகே பேசும்போது அதற்கு ஈடான இலத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். சிறிய செய்தியாகத் தோன்றலாம். நோயை அறிவிக்கும் சொல்லும் நோயாளியைத் துன்புறுத்தும் என்பதை மருத்துவர்கள் இன்றும் பயின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

1818 பிப்ரவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் தம் கண்டுபிடிப்பைப் பற்றி உரை நிகழ்த்தினார். 1819இல் இரு தொகுதிகளாக அவருடைய பெருநூல் வெளிவந்தது. நூலை வாங்குவோர் கூடுதல் தொகை செலுத்தினால் மரவுருளையையும் பெற்றுக்கொள்ளலாம். மார்பு நோய்களைப் பற்றிய அந்நூலில்தான், குடிப்பழக்கம் உள்ளிட்ட காரணங்களால் கல்லீரல் சுருங்கி முடிச்சு முடிச்சாகும் நிலைக்குச் சிரோசிஸ் என்னும் பெயரும் இடப்பட்டது. பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த அப்பெயர் இன்றும் மருத்துவத்தில் நிலைத்துள்ளது. காசநோயைப் பற்றி அவர் கூறிய முடிவு இன்னும் பெரிது. நண்பர் பேல் அந்நோயை ஆறு வகையாகப் பிரித்திருந்தார். லாயெனெக்கோ, நுரையீரலில் தோன்றும் தினையளவு முடிச்சுகளும் பெருங்குழிகளும் ஒரே நோயின் வெவ்வேறு பருவங்களே என்றார். நுரையீரலுக்கு வெளியே பிற உறுப்புகளிலும் அதே நோய் தோன்றும் என்றார். பின்வந்த பேரறிஞர் சிலர் அதனை மறுத்தனர். 1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது லாயெனெக் கூறியதே சரியென்று உறுதியாயிற்று.

எதிர்ப்பு

புதுமை உடனே வரவேற்கப்படவில்லை. 1821இல் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் போர்ப்ஸ் என்பாரே, இக்கருவி பொதுவழக்கில் வருமா என்று தம் முன்னுரையில் ஐயுற்றார். நேரமும் பொறுமையும் வேண்டும் என்பதோடு, மதிப்புக்குரிய மருத்துவர் ஒருவர் நோயாளியின் மார்பில் மரக்குழலை வைத்துக் கேட்பது நகைப்புக்கிடமானது என்றும் அவருக்குத் தோன்றியது. பின்னர் அவரே அக்கருவியின் ஆதரவாளரானார்.

வலிமையான எதிர்ப்பு புரூசே என்னும் பாரிஸ் மருத்துவரிடமிருந்து வந்தது. எல்லா நோய்க்கும் வயிற்றிலும் குடலிலும் தோன்றும் எரிச்சலே காரணம் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் கண்ட மருந்து, பட்டினியும் அட்டைவிட்டுக் குருதி வடித்தலும். அவருடைய செல்வாக்கு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து வாங்கியது. லாயெனெக் பிணங்களை ஆராய்வதில் வல்லவர், நோயாளிகளைக் குணப்படுத்துவதில் வல்லவரல்லர் என்று புரூசே சாடினார். லாயெனெக்கும் கடுஞ்சொற்களால் விடையிறுத்தார்.

புரூசேயின் கொள்கை பிழையானது. அவர் எழுப்பிய குற்றச்சாட்டை மட்டும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நுரையீரலில் குழி இருப்பதைக் கண்டறிந்தபின் லாயெனெக்கால் செய்யக்கூடியது என்ன? மிகச் சிறிதே. கடற்காற்று காசநோய்க்கு நல்லது என்று நம்பிய அவர், பாரிஸ் மருத்துவமனைக் கூடத்தில் கடற்பாசியைப் பரப்பி வைத்துப் பார்த்தார். பயன் விளையவில்லை. சரியான மருந்து கிடைக்க அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாயின. ஆனால், எது எந்த நோய் என்று பிரித்தறியாமல் எந்த மருந்தையும் சோதிக்க இயலாது. நுரையீரல் அழற்சி உடையவர் யார் என்று உறுதியாகத் தெரிந்த பின்னரே, பியேர் லூயி என்னும் மருத்துவர் நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, குருதி வடித்தலால் பெரும்பயன் இல்லை என்று 1835இல் காட்ட முடிந்தது. அட்டைகளின் ஆட்சியை அசைத்ததில் மரவுருளைக்கும் பங்குண்டு.

கேட்டும் அறியாதவை

லாயெனெக் எல்லாவற்றையும் சரியாக அறிந்தவர் என்று கொள்வது பிழை. இதயத்தின் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குவதால் எழுகிறது என்று அவர் எழுதினார். அது வால்வுகள் மூடுவதால் எழுவது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. காசநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதாக அவர் கருதவில்லை. ஆழ்ந்த துயரமே அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்று நம்பினார்.

அந்நம்பிக்கைக்குச் சான்றாக ஒரு பெண் துறவியர் இல்லத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். பத்தாண்டுகள் அவர் அங்கு மருத்துவம் பார்த்தார். கடுமையான நோன்புகளும் இடைவிடாத தவமும் கொண்ட இல்லம் அது. அவர் கண்முன்னே துறவியர் ஒருவர்பின் ஒருவராகக் காசநோயால் இறந்தனர், புதியவர் வந்தனர், அவர்களும் இறந்தனர். தோட்டத்திலும் சமையற்கூடத்திலும் பணியாற்றியோர் போன்ற சிலரே நெடுநாள் தப்பினர். அவர்களுக்குக் கவலையை மறக்க வாய்ப்பிருந்தது என்று லாயெனெக் விளக்கினார். இன்று அதே செய்தியைப் படிக்கும் நமக்கு, மூடிய அறையில் ஒன்றாக வாழ்ந்தோருக்கு நோய் தொற்றியது என்பதும், காற்றோட்டமான இடத்தில் உழைத்தோர் தப்பினர் என்பதும் தோன்றுகின்றன. உண்மைகளை அவர் திரிக்கவில்லை, விடுபடாமல் பதிவுசெய்தார். ஆகவேதான் அவருடைய முடிவைத் தள்ளிவிட்டு அவருடைய குறிப்பை நம்மால் பயன்படுத்த முடிகிறது.

தம் உடலில் நேர்ந்ததையும் அவர் அவ்வாறே பதிவுசெய்தார். இளமையில் காசநோய் தாக்கிய முதுகெலும்பை அறுக்கும்போது இரம்பம் இடக்கைச் சுட்டுவிரலைக் கீறியது. அங்கே சிறு கட்டி தோன்றியது. மருந்திட்டுச் சுட்டுப் பொசுக்கினார், ஆறியது. இருபதாண்டுகளுக்குப் பின்னும் அதனால் தமக்குத் தீங்கு நேரவில்லை என்று குறிப்பிட்டார்.

இறுதி ஆண்டுகள்

நூலை முடித்த உழைப்பு அவர் உடலைக் குலைத்தது. 1819இல் பாரிஸை விட்டுப் பிரித்தானியில் கடற்கரையை அடுத்த கெர்லுவானெக் என்னும் தம் பண்ணை வீட்டிற்குச் சென்றார். வேட்டையாடினார், குடியானவர்களோடு பிரெத்தோன் மொழியில் பேசி மகிழ்ந்தார், உடல் தேறிற்று. 1821இல் மீண்டும் பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு பிரான்சுக் கல்லூரியில் பேராசிரியரானார். 1823இல் தம் ஆசான் கற்பித்த சாரித்தே மருத்துவமனையிலேயே மருத்துவப் பேராசிரியர் பொறுப்பேற்றார். பல நாட்டு மாணவர்கள் அவரை நாடி வந்தனர். அவர்கள் அனைவருக்கும் விளங்கும்பொருட்டு நோயாளிகளின் படுக்கையருகே இலத்தீனில் விளக்கினார். அவருடைய நண்பர் கெர்கராதெக் அதே கருவியைக் கருவுற்ற பெண்ணின் வயிற்றில் வைத்து, கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார். 1824இல் லாயெனெக் திருமணம் செய்துகொண்டார்.

நூலின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி எழுதும் பணி அவருடைய எஞ்சிய வலிமையையும் உறிஞ்சிற்று. 1826ஆம் ஆண்டின் இளவேனிலில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் மிகுந்தன. மருத்துவம் பயின்ற உறவினரான மெரியாதெக் என்பாரை அழைத்து, தம் மார்பில் மரவுருளையை வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்டதை மறைக்காமல் கூறவும் பணித்தார். மெரியாதெக் கூறிய ஒலியின் பொருளை உலகிலேயே நன்கறிந்தவர் அதனைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். பாரிஸை விட்டுப் புறப்பட்டுக் கெர்லுவானெக் சேர்ந்தார். அங்கே ஆகஸ்டு 13ஆம் நாள் காலமானார். தம் கைப்பட எழுதிய விருப்ப ஆவணத்தில், தம் மரவுருளையை மெரியாதெக்கிற்கு உரிமையாக்கியிருந்தார்.

உருளைக்குப் பின்

1850களின் தொடக்கத்தில் இரு காதுகளிலும் பொருத்தும் குழாய்கள் வந்தன. மரவுருளை இன்றைய வடிவத்தை நெருங்கியது. 1882இல் கிருமி தெரிந்தது. 1895இல் ஊடுகதிர் தெரிந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்த பின்னரே கண்டறிந்த நோயைத் தீர்க்கவும் வழி பிறந்தது.

வழி பிறந்தும் ஒரு வினா எஞ்சியது. காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனைகள் ஏழை நாடுகளில் போதிய அளவில் இல்லை. நல்லுணவும் ஓய்வும் தனியறையும் இல்லாத வீட்டில் மருந்து மட்டும் பயன்தருமா? இதற்கு விடை கண்ட இடம் நம் சென்னை. 1956இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மறு பிரிவினரை நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. உலக நாடுகள் காசநோயாளிகளை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தும் முறைக்கு மாற அந்த ஆய்வு வழிகோலியது.

இன்றைய இடர்ப்பாடு வேறு. மருந்தை இடையில் நிறுத்துவோரிடம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன. அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் நுரையீரலில் எழுப்பும் ஒலியில் வேறுபாடில்லை. ஆகவே மார்பொலியைக் கேட்கும் மருத்துவர், சளியையும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை சில மணி நேரத்தில் நோயை உறுதிசெய்வதோடு, ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகிறது.